பதினோரு கோடுகள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் உட்கார்ந்தால் பாதிக் கதை காற்றோடு போய்விடும். இன்றைக்கு ஒரு டாக்டருடைய கதை சொல்லப் போகிறேன். ஊசி போட்டுக்கொண்டிருந்து, பிறகு நாட்டையே ஆண்ட டாக்டர். மனசுக்குள் ஒரு வஞ்சத்தை வைத்துக்கொண்டு, அதை மருந்து மாதிரி அளந்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தவர். பாதியில் எழுந்து போகாதீர்கள். போனால் அவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ தப்பாக முடிவு கட்டிவிடுவீர்கள்.

அவருக்கு அப்பா அம்மா முகமே நினைவில்லை. வளர்த்தது அக்கா. அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் தையல் கடை வைத்திருந்தார்கள். ஒரே அறை. நடுவில் துணி வெட்டுகிற நீளமான மேசை, சுவரோரம் இரண்டு தையல் மெஷின், மூலையில் ஒரு தகரத் தண்ணீர் டிரம். அந்த மேசைமேல்தான் அவர் படித்தார். டிரம்மின் மூடி கனமாக இருக்கும், பிள்ளையால் தூக்க முடியாது. எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க அக்கா ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். வெளியிலிருந்து விரலால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வா, எங்கே சத்தம் மாறுகிறதோ அங்கேதான் தண்ணீர் நிற்கிறது என்று.

பிற்பாடு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் நெஞ்சைத் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தபோது, மற்ற மாணவர்கள் ஆறு மாதம் திணறினார்கள். இவர் முதல் நாளே சொல்லிவிட்டார், இந்த நோயாளிக்கு மூன்றாவது விலா எலும்புக்குக் கீழே நீர் கோத்திருக்கிறது என்று. இடது கையின் நடுவிரலை நெஞ்சின்மேல் படுக்க வைப்பார், வலது கை நடுவிரலால் அதன்மேல் இரண்டு தட்டு. காற்று இருந்தால் 'டொம்' என்று வரும். நீர் இருந்தால் 'டக்' என்று செத்த சத்தம். நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த ஒரே வருஷத்தில் 'தட்டு டாக்டர்' என்று பேர் விழுந்துவிட்டது.

அந்த ஆஸ்பத்திரியில் நாற்பது இரும்புக் கட்டில், சக்கரம் வைத்த ஒரே ஒரு எக்ஸ்ரே மெஷின். அடுத்த மெஷின் ஒரு நாள் பயணத் தூரத்தில்.

அந்தக் காலத்து சுகாதார அமைச்சருக்குத் திறப்பு விழா என்றால் உயிர். கட்டடம் இருந்தால் திறப்பார், கட்டடம் இல்லாவிட்டால் கதவையாவது திறப்பார். சட்டைப் பைக்குள் சொந்தமாக ஒரு வெள்ளிக் கத்தரி வைத்திருப்பார். ஜனங்கள் அவருக்கு வைத்த பேர் 'ரிப்பன்'. ஒரு தடவை அவர் தன் தொகுதியில் ஒரு புது ஆஸ்பத்திரி திறந்தார். வெள்ளையடித்த சுவர் மட்டும்தான் தயார், உள்ளே ஒரு சாமான் கிடையாது. காலி அறையைக் காட்டி எப்படிக் கைதட்டு வாங்குவது? அதனால் நெஞ்சு ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே நிறுத்தினார்கள். நாலு நாளில் திரும்ப வரும் என்று பெரிய டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

மெஷின் போன அன்று சாயங்காலம் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், அக்காவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிப் படியேறினார். மூச்சு வாங்குகிறது, படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே தலையைச் சாய்த்துக்கொள்கிறாள். டாக்டர் தம்பி தட்டிப் பார்த்தார். இதயத்தைச் சுற்றி 'டக்' என்ற சத்தம் இருக்கவேண்டிய அளவைத் தாண்டி அகலமாக இருந்தது. இதயத்தைச் சுற்றி நீர். ஊசி இறக்கி அந்த நீரை எடுத்துவிட்டால் பிழைப்பாள். ஆனால் ஊசி ஒரு நூலளவு தவறினாலும் இதயத்துக்குள் போய்விடும். எக்ஸ்ரே பார்க்காமல் அந்த இடத்தில் ஊசி இறக்கச் சம்மதிக்கமாட்டேன் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த மெஷினுக்குக் கூட்டிப்போக ஒரு நாள் பயணம், அவள் மூச்சு அதைத் தாங்காது. தம்பிக்கும் தன் விரலை நம்பி இறக்கத் துணிச்சல் வரவில்லை. ஊராருக்கு என்றால் இறக்கியிருப்பார். அது அக்கா.

நாலு நாள் ஆயிற்று, மெஷின் வரவில்லை. இவரே அமைச்சர் வீட்டுக்குப் போன் போட்டார். அமைச்சர் தேன் மாதிரிதான் பேசினார். "தம்பி, புது ஆஸ்பத்திரியை நாட்டுத் தலைவர் இன்னும் வந்து பாக்கலே. பாத்ததும் அனுப்பிடறேன். அதுவரைக்கும் நீங்கதான் இருக்கீங்களே, தட்டிப் பாத்துக்குங்க."

சிரித்துக்கொண்டே சொன்னார், கண்ணுகளா. அந்தச் சிரிப்புதான் போன் கம்பி வழியே வந்து இவர் காதில் உட்கார்ந்துகொண்டது.

பதினோராம் நாள் காலையில் அக்கா போய்விட்டாள். அன்று மத்தியானம் மெஷின் வந்தது. அதன் சக்கரத்தில் ஒரு துண்டு சிவப்பு ரிப்பன் சிக்கிக்கொண்டிருந்தது.

இதற்கப்புறம் அவர் அரசியலுக்கு வந்தது மக்கள் சேவைக்காக என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பின்னாளில் அவருடைய கட்சிக்காரர்களே அப்படித்தான் புத்தகம் போட்டார்கள். வேலையை விட்டார். மாமா இரண்டு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தார், இனிமேல் இதுதான் உனக்குக் கோட்டு என்று. தெருத் தெருவாகப் போனார். நெஞ்சைத் தட்டினார், மருந்து எழுதினார், எழுதிக்கொண்டே எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரி பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். மேடையில் ஏறினால் பேசுவதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் மேசையை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். கூட்டமும் பதிலுக்கு நாற்காலியில் இரண்டு தட்டுத் தட்டும். எதிர்க்கட்சிக்காரர்கள் 'தட்டுக் கட்சி' என்று கேலி செய்தார்கள். கேலி பேராயிற்று, பேர் கொடியாயிற்று.

முதல் தேர்தலில் மண்ணைக் கவ்வினார். இரண்டாவதில் மயிரிழையில் தோற்றார். இதற்குள் பதினெட்டு வருஷம் ஓடி, ரிப்பன் அமைச்சர் நாட்டுக்கே தலைவராகி உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தேர்தல் வந்தது.

அந்தத் தேர்தலுக்கு யார் எந்த மைதானத்தில் கூட்டம் போடுவது என்று பிரித்துக் கொடுக்க, தேர்தல் அதிகாரி இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சின்ன அறை. மின்சாரம் போய்விட்டது. எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். வேர்த்துக் கொட்டியது.

ரிப்பனுக்குப் பாதி முகம்தான் வேர்த்தது.

வலது நெற்றியிலிருந்து வேர்வை தாடைவரை ஓடுகிறது. இடது பக்கம் பவுடர் போட்ட மாதிரி காய்ந்து கிடக்கிறது. இடது கண்ணிமை கொஞ்சம் தொங்கியிருக்கிறது. நாடே அதைப் பார்த்து, ஆள் தந்திரக்காரர், எப்போதும் அரைக் கண்ணால்தான் பார்ப்பார் என்று பேசிக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணின் மணியும் மற்றதைவிடச் சிறுத்திருந்தது. இடது கை கட்டைவிரலுக்குப் பக்கத்துச் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. நடுவில் நடுவில் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே, தலையணை சரியில்லை என்று அதிகாரியிடம் அலுத்துக்கொண்டார்.

டாக்டருக்குத் தட்டிப் பார்க்கவே தேவைப்படவில்லை. இடது நுரையீரலின் உச்சியில் கட்டி. அது நரம்பைப் பிடித்து நெருக்குகிறது. ஒரு எக்ஸ்ரே எடுத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆனால் தோள்வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறவருக்கு யார் நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள்?

வாயைத் திறக்கப் போனார். அந்த நேரம் பார்த்து ரிப்பன் எதற்கோ சிரித்தார். அதே சிரிப்பு. திறந்த வாய் மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் மட்டும் சொன்னார். மாமாவுக்கு வயதாகிவிட்டது, கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும், ஆனாலும் சட்டை தைப்பதை விடவில்லை. கேட்டதும் மெஷினை மிதிப்பதை நிறுத்தினார்.

"சொல்லிட்டியா?"

"இல்லே மாமா."

"சொல்லாதே."

டாக்டர் யோசித்துவிட்டுச் சொன்னார். "சொல்லாம விட முடியாது மாமா. நான் டாக்டர். ஆனா பதினோரு நாள் கழிச்சுச் சொல்றேன். அந்தக் கட்டி அங்க ஒரு வருஷமா இருக்கு. பதினோரு நாள்லே ஒண்ணும் ஆயிடாது. வலிக்கும், அவ்வளவுதான். அக்காவுக்கு எத்தனை நாளோ அத்தனை நாள். ஒரு நாள் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

மாமா துணியில் குறி போடுகிற சாக்கட்டியை எடுத்து, வெட்டு மேசையின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்தார்.

"அளவெடுத்தாச்சு மாப்ளே. இனி தைக்கிறதுதான் பாக்கி."

அந்தப் பதினோரு நாளும் டாக்டர் முகத்தில் வந்த களை இருக்கிறதே, அது பதினெட்டு வருஷத்தில் வராதது. நன்றாகச் சாப்பிட்டார், அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினார். மூன்றாம் நாள், ரிப்பன் கையை உயர்த்திக் கும்பிட முடியாமல் ஒற்றைக் கையை ஆட்டினார் என்று செய்தி வந்தது. ஆறாம் நாள், தோள் பிடித்துவிடுகிறவரைத் திட்டித் துரத்திவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டாராம். ஒவ்வொரு சேதிக்கும் மாமா மெஷினை மிதிக்கிற வேகம் கூடும். காலையில் ஒரு கோடு, அப்புறம் ஒரு பழைய பாட்டு. அக்கா போனபிறகு அந்த அறையில் பாட்டுக் கேட்டது அப்போதுதான்.

ஒன்பதாம் நாள் தொலைக்காட்சியில் இரண்டு பேரையும் எதிரெதிரே நிற்க வைத்து விவாதம் நடத்தினார்கள். நாடே பார்த்தது. டாக்டர் ஆட்சியின் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதற்கு இந்த நோய், அதற்கு அந்த நோய் என்று அடுக்கினார். ரிப்பன் விடுவாரா? இடது தோளைப் பிடித்தபடியே கேட்டார். "டாக்டர், எல்லாத்துக்கும் நோய் சொல்றீங்க. எனக்கு என்ன நோய்னு சொல்லுங்க பாப்போம்."

அரங்கம் சிரித்தது. கேள்வி என்னவோ கிண்டல்தான். ஆனால் கேட்டவர் கண்ணில் ஒரு துளி பயம் இருந்தது, டாக்டர் அதைப் பார்த்தார். அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். மேசைமேல் ஒன்பது கோடுதான் இருக்கிறது என்பதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

"உங்களுக்கு ஒண்ணுமில்லே. நாற்காலி ஒட்டிக்கிச்சு. எழுந்தா சரியாப் போயிடும்."

அரங்கம் அதிர்ந்தது. ஜனங்கள் நாற்காலியைத் தட்டினார்கள், தட்டினார்கள், நிறுத்தவே இல்லை. தேர்தல் அந்த நிமிஷமே முடிந்துவிட்டது என்று மறுநாள் எல்லாப் பத்திரிகையும் எழுதியது.

பன்னிரண்டாம் நாள் காலை. மாமா கையாலேயே கோடுகளைத் துடைத்துவிட்டு, "போய்ச் சொல்லிட்டு வா மாப்ளே" என்றார். டாக்டர் கட்சி ஆள் யாரையும் கூட்டிக்கொள்ளாமல், பழைய ஸ்டெதாஸ்கோப் பையோடு ரிப்பன் வீட்டுக்குப் போனார். ரிப்பனின் மனைவிதான் கதவைத் திறந்தார். உள்ளே கூப்பிடவில்லை, வாசற்படியிலேயே நிறுத்திவிட்டார். உள்ளே ரிப்பன் பனியனோடு, தோளில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தது அங்கிருந்தே தெரிந்தது.

டாக்டர் நிதானமாக எல்லாம் சொன்னார். இமை, வேர்வை, கைச்சதை, நுரையீரல் உச்சி. இன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள் என்றார்.

ரிப்பன் எழுந்து வந்து மனைவிக்குப் பின்னால் நின்றார். "நாடே பாக்கக் கேட்டேன், ஒண்ணுமில்லேன்னீங்க. இப்ப யாரும் பாக்காதப்ப வந்து சாகப் போறேங்கறீங்க. ஓட்டுப்பதிவுக்கு இருபது நாள் இருக்கு, நான் ஆஸ்பத்திரியிலே படுத்துக்கணும், நீங்க ஊர் சுத்தணும். நான் எத்தனை பேருக்கு இந்த வேலை பண்ணியிருப்பேன், எனக்கேவா?"

டாக்டர் அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள், "வயசுக்கு ஏத்த பேச்சாப் பேசுங்க டாக்டர்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

அப்புறம் அவர் சும்மா இருக்கவில்லை. கடிதம் எழுதினார், பழைய பெரிய டாக்டரைத் தூது அனுப்பினார். கடிதத்தை ரிப்பன் மேடையிலேயே ஆட்டிக் காட்டிச் சிரிக்க வைத்தார். ஒருவர் உடம்பு ரகசியத்தை ஊர் நடுவே போட்டு உடைக்க டாக்டருக்கு மனம் வரவில்லை. உடைத்தாலும் யார் நம்பியிருப்பார்கள்?

தட்டுக் கட்சி ஜெயித்தது. ஓட்டு எண்ணும் இடத்துப் படிக்கட்டில் இறங்கும்போது ரிப்பன் கால் மடங்கி விழுந்தார். தடுக்கித்தான் விழுந்தார் என்று நினைத்தார்கள். எழுப்பினால் இரண்டு காலும் துணி மாதிரித் தொங்கின. கட்டி முதுகெலும்புவரை அரித்திருந்தது. எந்த மெஷினில் எக்ஸ்ரே எடுத்தார்கள் தெரியுமா? அதே நெஞ்சு ஆஸ்பத்திரியில், அந்தப் பழைய மெஷின் இருந்த இடத்திலிருந்த புதியதில். புதுத் தலைவர் பதவியேற்றதும் போட்ட முதல் உத்தரவே, ஆஸ்பத்திரி மெஷின்களின் சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தரையோடு போல்ட் போட்டு முடுக்க வேண்டும் என்பதுதான்.

தலைவராகிவிட்ட டாக்டர் ரிப்பனைப் பார்க்கப் போனார். அக்கா இருந்த அதே வார்டு. காவலர்களை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாக உட்கார்ந்தார். பதினெட்டு வருஷமாக இந்தக் காட்சியை மனசுக்குள் எத்தனை தடவை நடத்திப் பார்த்திருப்பார்.

ரிப்பன் கேட்டார். "முதல் முதல்லே எப்பத் தெரியும்?"

"தேர்தல் அதிகாரி அறையிலே."

"நினைச்சேன். அன்னிக்கு நீங்க என்னைப் பாத்தது எதிரியைப் பாக்கற பார்வை இல்லே, டாக்டர் பார்வை. அப்பவே சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு, "ஏன் சொல்லலே?" என்றார்.

டாக்டர் மெஷின் கதையைச் சொன்னார். லாரி, பதினோரு நாள், அக்கா, போனில் கேட்ட சிரிப்பு, சக்கரத்தில் சிக்கிய ரிப்பன். ரிப்பன் கவனமாகக் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார்.

"எந்த மெஷின்?"

நடிக்கவில்லை, கண்ணுகளா. நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. எத்தனையோ விழா, எத்தனையோ லாரி. டாக்டருக்கு மேடை, கொடி, பதினெட்டு வருஷம் எல்லாம் காலுக்குக் கீழே நழுவின மாதிரி ஆயிற்று.

"சரி, நான்தான் பண்ணியிருப்பேன், பண்ணக்கூடிய ஆள்தான்" என்றார் ரிப்பன். "நான் மெஷினை வெச்சு அரசியல் பண்ணேன். நீங்க ஒரு உடம்பை வெச்சுப் பண்ணியிருக்கீங்க. பயப்படாதீங்க, யார்கிட்டயும் சொல்லமாட்டேன். என் பெண்டாட்டிகிட்டகூட. அந்த நாற்காலியிலே நீங்க நிம்மதியா உக்காருங்க."

அதற்கப்புறம் நாலு மாதம் இருந்தார். வாய் ஓயாமல் பேசியே வாழ்ந்த மனிதர், இந்த ஒன்றை மட்டும் பேசவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் டாக்டர் பத்திரிகையைப் பிரித்து, அந்த ரகசியம் அதில் வந்திருக்கிறதா என்று தேடுவார். வந்ததில்லை. பழிவாங்க ரிப்பனுக்கு வேறு ஆயுதம் தேவைப்படவில்லை.

ரிப்பன் போய்ச் சில வாரம் கழித்து, அவருடைய மனைவி தலைவர் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளிக் கத்தரியை மேசைமேல் வைத்தார். "இதை உங்ககிட்ட கொடுக்கச் சொன்னார். திறப்பு விழாவிலே கை நடுங்காம வெட்டணுமாம்."

மாமா அன்று புதுச் சட்டைக்கு அளவெடுக்க வந்திருந்தார், ஓரமாக நின்றார்.

அந்த அம்மாள் எழுந்து போகவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு அழுதுகொண்டே சொன்னார். "நீங்க வீடு தேடி வந்து சொன்னீங்க. நான்தான் கதவைச் சாத்தினேன். அன்னிக்கே எக்ஸ்ரே எடுத்திருந்தா கால் போயிருக்காதுன்னு ஆஸ்பத்திரியிலே சொன்னாங்க. தினமும் அந்தக் கதவுச் சத்தம்தான் கேக்குது டாக்டர். என் கையாலேயே அவரைக் கொன்னுட்டேன்."

அவ்வளவுதான். பேசாமல் தலையசைத்திருந்தால் போதும். அந்த அம்மாள் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார், ரகசியமும் அந்த அறையோடு புதைந்து போயிருக்கும். மாமா கண்ணாலேயே கெஞ்சினார். டாக்டர் மேசைமேல் கையை வைத்து, பழக்கதோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். 'டக்' என்றுதான் கேட்டது.

"நீங்க கொல்லலே அம்மா. நான் வந்தது பன்னிரண்டாம் நாள். முதல் நாளே எனக்குத் தெரியும்."

எல்லாவற்றையும் சொன்னார். அக்காவிலிருந்து, மேசை ஓரத்துக் கோடு வரைக்கும். அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்கக் கேட்க முதுகு நிமிர்ந்தது. வந்தபோது இருந்த வயதில் பத்து வருஷம் உதிர்ந்துபோன மாதிரி இருந்தது.

"பதினோரு நாளா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாம்."

"சரி."

கத்தரியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "இது என்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மறுநாள் பத்திரிகையில் ஒன்றும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் டாக்டர் தையல் அறைக்குப் போனபோது, வெட்டு மேசை ஓரத்தில் மூன்று கோடு இருந்தது. யாரும் சொல்லாமலே மாமா கிழித்திருந்தார். பாட்டு இல்லை. மெஷின் மேல் உறை போட்டிருந்தது.

"ஆளை அனுப்பிப் பேசிப் பாக்கட்டுமா மாப்ளே?"

"வேண்டாம் மாமா. இது அவங்க அளவு."

டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கம் இல்லை. அக்கா உட்கார்ந்தபடியே தலையைச் சாய்த்துக்கொண்டிருந்த அந்தப் பதினோரு நாளை அவள் எப்படிக் கழித்திருப்பாள் என்று இப்போதுதான் அவருக்கு முழுசாகப் புரிந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு ரிப்பன் கழித்ததும் புரிந்தது. இரண்டும் ஒரே பதினோரு நாள்தான்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அலுவலகத்துக்கு எதிர் மைதானத்தில் கூட்டம் சேர்ந்தது. யார் கூட்டினார்கள் என்று காவலர்களுக்கே தெரியவில்லை. டாக்டர் ஜன்னல் கதவைத் திறந்து வைத்தார். மூடச் சொன்ன அதிகாரிகளை வெளியே அனுப்பினார். மாமா மட்டும் பக்கத்தில் நின்றார், பதினோரு கோடும் கிழித்து முடித்த சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு.

அந்த அம்மாள் மேடை ஏறினார். இடுப்பில் வெள்ளிக் கத்தரி மின்னியது. ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று, ஒரு விரலால் அதை இரண்டு தட்டுத் தட்டினார். மைதானம் பதிலுக்குத் தட்டவில்லை. மூச்சை அடக்கிக் காத்திருந்தது.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் நோய் என்று யாரும் படுக்காமல் இருக்கட்டும். படுத்தால், வருகிற மருத்துவர் பார்த்ததைப் பார்த்த அன்றே சொல்கிறவராக இருக்கட்டும். உங்கள் வாசலுக்கு நல்லது சொல்ல யார் வந்தாலும், எதிரியே வந்தாலும், அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும். உங்கள் சுவரில் யாரும் நாள் எண்ணிக் கோடு போடாமல், பிள்ளைகள் கிறுக்கிய கோடாகவே நிறையட்டும்.